பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கலாமா? சேலம், ஏற்காடு மாணவர்களுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தவுடன் சேலத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் இருக்கிறது: "பையனுக்குக் கம்ப்யூட்டரில் ஆர்வம், கம்ப்யூட்டர் குரூப்பா, பயோ-மேத்ஸா?" ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து கேட்பவர்களுக்கு இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது, அந்தப் பிரிவு மலையில் உள்ள பள்ளியில் இல்லையென்றால், அதற்காகப் பிள்ளையைச் சேலத்துக்கு அனுப்புவது தகுமா என்பது அது. வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படிப்பதும், மேல்நிலைக் கல்வியே வேண்டாம் என்று பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் சேர்வதும் இந்தப் பேச்சில் கடைசியாகவே வருகின்றன. ஆனால் சிலருக்கு அவையே பொருத்தமானவை என்பதால் நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே முறை.

எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், ஒரு பிரிவு பின்னாளில் எந்த வாசலை மூடுகிறது என்பது. திறக்கும் வாசல்களைப் பற்றிப் பள்ளிகளே சேர்க்கைத் துண்டறிக்கைகளில் போதிய அளவு சொல்லிவிடுகின்றன. மூடுகின்றவற்றைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை. இரண்டாவது, பாடுபட்டு வாங்கும் மதிப்பெண் எந்தச் சேர்க்கையில் கணக்கில் வருகிறது என்பது. மூன்றாவது, பாடத்தின் பெயரில் கணினி இருந்தாலும், உள்ளே கற்பிக்கப்படுவது என்ன, அதைக் கற்பிக்க அந்தப் பள்ளியில் ஆசிரியரும் இயங்கும் ஆய்வகமும் உள்ளனவா என்பது. நான்காவது செலவு. இதில் கட்டணம் மட்டுமன்றி, பள்ளி மாறுவதால் கைவிட்டுப் போகும் அரசுச் சலுகைகளும் பயணத் தூரமும் அடங்கும்.

விரிவுக்குச் செல்லும் முன், முதல் அளவுகோலை மட்டும் அட்டவணையாகத் தருகிறேன்.

| வழி | பி.இ., பி.டெக். | நீட், செவிலியப் பட்டம் | பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் |
|---|---|---|---|
| கணிதம் + கணினி அறிவியல் | முதலாண்டில் சேரலாம் | நேரடியாக இல்லை | சேரலாம் |
| கணிதம் + உயிரியல் | முதலாண்டில் சேரலாம் | உண்டு | சேரலாம் |
| வணிகவியல் + கணினிப் பயன்பாடுகள் | இல்லை | இல்லை | பி.சி.ஏ. எளிது, மற்றது கல்லூரியின் விதியைப் பொறுத்தது |
| பாலிடெக்னிக் டிப்ளமோ | இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம் | இல்லை | பெரும்பாலோர் இந்த வழியில் செல்வதில்லை |

கணிதத்துடன் கணினி அறிவியல்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தப் பிரிவு மாணவர் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என ஆறு பாடங்களில் மொத்தம் 600 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதுகிறார். கணினி அறிவியலின் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கும், 20 செய்முறைக்கும், 10 அக மதிப்பீட்டுக்கும் உரியவை. 2018-19 கல்வியாண்டில் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின்படி பதினொன்றாம் வகுப்பில் கணினியின் அடிப்படைகள், விண்டோஸ், உபுண்டு ஆகிய இயக்க அமைப்புகள், நெறிமுறைச் (அல்காரிதம்) சிந்தனை, சி++ என்ற நிரல் மொழி ஆகியன வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் மொழியே மையம். அதனுடன் தரவுத்தளக் கருத்துகள், தரவுத்தளத்தைக் கையாளும் மொழியான எஸ்.க்யூ.எல்., தரவுகளை வரைபடமாகக் காட்டுதல் ஆகியவை உண்டு. பதினேழு வயதில் இவ்வளவையும் உண்மையாகவே கற்றுக்கொண்டு வெளிவருபவர், எந்தக் கல்லூரியின் கணினித் துறையிலும் முதல் இரண்டு பருவங்களைச் சிரமமின்றிக் கடந்துவிடுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே பெற்றோர் தெளிவாக அறிய வேண்டிய ஒன்று உண்டு. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை; கட் ஆஃப் எனப்படும் 200 மதிப்பெண், கணிதத்தின் 100, இயற்பியலின் 50, வேதியியலின் 50 ஆகியவற்றால் ஆனது. கணினி அறிவியல் மதிப்பெண் அதில் ஒரு புள்ளிகூடச் சேர்வதில்லை. இரு மாணவர்களின் கட் ஆஃப் சமமாகி, கணிதத்திலும் இயற்பியலிலும் சமமாக நின்றால்தான் நான்காவது பாடத்தைப் பார்க்கிறார்கள். 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணினி அறிவியலில் 6,996 பேர் நூற்றுக்கு நூறு பெற்றனர். அதே ஆண்டு இயற்பியலில் 633 பேரும் வேதியியலில் 471 பேரும்தான் பெற்றனர். பள்ளி வாசலில் கட்டப்படும் வாழ்த்துப் பதாகைக்குக் கணினி அறிவியலின் நூறு அழகு சேர்க்கும்; கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைப்பதை நிர்ணயிப்பது கணிதமும் இயற்பியலும் வேதியியலுமே.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கு அறிவியல் பட்டப் படிப்புகளுக்கான தரவரிசை, மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டு போடப்படுகிறது. ஆகவே 1857இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்க விரும்புபவருக்கு, எளிதில் உயர் மதிப்பெண் தரும் இந்தப் பாடம் நேரடியாகவே உதவுகிறது. பி.இ. மட்டுமே குறி என்று இருப்பவருக்கும் பி.எஸ்சி. போதும் என்று இருப்பவருக்கும் ஒரே பிரிவின் மதிப்பு இவ்வாறு மாறுபடுகிறது.

இந்தப் பிரிவின் மறைமுகச் செலவு, உயிரியல் இல்லாமல் போவது. மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம், செவிலியப் பட்டம், இயன்முறை மருத்துவம் போன்றவை இதனால் விலகுகின்றன. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. ஆனால் பதினெட்டு வயதில் மனம் மாறி, உயிரியலை முதலிலிருந்து படித்து, அதன் பிறகு நீட்டுக்கும் தயாராவது ஓராண்டையேனும் விழுங்கும். பி.பார்ம். மட்டும் இதற்கு விலக்கு. இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும் என்பதால் கணினிப் பிரிவு மாணவருக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை.

அடுத்தது ஆய்வகம். செய்முறைத் தேர்வுக்கு உரிய நிரல்கள் பாடநூலிலேயே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருப்பதால், விசைப்பலகையைத் தொடாமலே அவற்றை மனப்பாடம் செய்து 20 மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. அப்படி வாங்கியவர்களுக்குக் கல்லூரியில் முதல் பிழைச் செய்தி திரையில் வந்ததும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. 2017-18 முதல் நடந்துவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை என்று மாநில அரசு அறிவித்திருப்பது மாணவரின் சுமையைக் குறைக்கும். அதே வேளையில், அந்த வகுப்பின் பாடத்தைப் பாதியில் விட்டு அடுத்த ஆண்டின் பாடத்துக்குத் தாவும் பழைய வழக்கம் சில தனியார் பள்ளிகளில் திரும்பக்கூடும். அவ்வாறு தாவினால் சி++ போய்விடும். சி++ நிரல்களைப் பைதானுக்குள் கொண்டுவரும் பன்னிரண்டாம் வகுப்பின் 14ஆம் பாடம் வெறும் மனப்பாடமாகிவிடும்.

கணிதம் பிடித்தவர், மருத்துவத் துறையில் நாட்டமில்லை என்று தெளிவாகச் சொல்பவர், வாரம் இரண்டு முறையாவது கணினியின் முன் தனியாக உட்கார வைக்கும் பள்ளி வாய்த்தவர் ஆகியோருக்கு இந்தப் பிரிவே முதல் தெரிவு. இம்மூன்றில் கடைசியானது இல்லையென்றால், அடுத்து வரும் பிரிவையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கணிதத்துடன் உயிரியல்

கணினி படிக்க ஆசைப்படும் பிள்ளையை உயிரியலில் சேர்ப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கணினிப் பொறியியல் பட்டத்துக்குப் பள்ளியில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஒழுங்குமுறைகளில் பைதான் நிரலாக்கம் எல்லாப் பொறியியல் பிரிவுகளுக்கும் முதல் பருவப் பாடமாகவே வைக்கப்பட்டது. நிரலில் 'மாறி' (variable) என்றால் என்ன என்பதிலிருந்துதான் அங்கே தொடங்குகிறார்கள். உயிரியல் படித்து வந்தவர் முதல் சில வாரங்கள் சற்றுத் திணறுவார். நல்ல கணித அடிப்படை இருந்தால் இரண்டாம் பருவத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

எனவே இந்தப் பிரிவின் வலிமை, எந்த வாசலையும் மூடாமல் வைத்திருப்பது. பி.இ.யும் நீட்டும் செவிலியமும் வேளாண்மையும் ஒரே மாணவருக்குத் திறந்திருக்கின்றன. பதினைந்து வயதில் உறுதியாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, இது சிறிய விஷயமன்று.

இதற்கான விலையை உழைப்பாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. உயிரியல் என்பது பெயரளவில் ஒரு பாடம். உள்ளே உயிரி-தாவரவியலும் உயிரி-விலங்கியலும் தனித்தனி நூல்களாக, எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. மேலே சொன்ன 2024ஆம் ஆண்டில் உயிரியலில் நூற்றுக்கு நூறு பெற்றவர்கள் 652 பேர்தாம். பொறியியல் கட் ஆஃபில் இந்தப் பாடமும் சேர்வதில்லை, ஆகவே பி.இ. மட்டுமே குறியாக உள்ளவர் உயிரியலுக்குச் செலவிடும் நேரம் கணிதத்திலிருந்து எடுக்கப்பட்ட நேரமாகிவிடலாம். இரண்டாவது மறைமுகச் செலவு வீட்டிலிருந்து வருவது. உயிரியல் எடுத்த பிள்ளையிடம் "ஒரு தடவை நீட் எழுதித்தான் பாரேன்" என்று உறவினர் சொல்லத் தொடங்குவார்கள். அதிலிருந்து பயிற்சி மையக் கட்டணமும் மறுமுயற்சிக்கான ஓராண்டும் பிறக்கின்றன. பிள்ளை கேட்காத நீட்டுக்காக உயிரியலை எடுக்க வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாட்டம் இன்னும் தெளியாதவருக்கும், உயிரியலை விரும்பிப் படிப்பவருக்கும், பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியர் இல்லாதவருக்கும் இதுவே ஏற்றது. பைதானும், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அரசுப் பாடநூல்களையும் கட்டணமின்றி இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான விடுமுறையில், அந்தப் பாடநூலின் பைதான் பகுதியை ஒருவர் வீட்டில் அமர்ந்தே முடித்துவிடலாம். உயிரியலை அப்படி விடுமுறையில் முடிக்க இயலாது என்பதை, இரு பிரிவுகளுக்கும் இடையே தத்தளிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

வணிகவியலுடன் கணினிப் பயன்பாடுகள்

கணினிப் பயன்பாடுகள் வேறு, கணினி அறிவியல் வேறு. பதினொன்றாம் வகுப்பில் அலுவலகச் செயலிகள், வலைப்பக்கம் உருவாக்கும் மொழிகளான எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும், பன்னிரண்டாம் வகுப்பில் பல்லூடகம், தரவுத்தளம், பி.எச்.பி., வலையமைப்பு, மின்வணிகம் ஆகியவையும் இதில் இடம்பெறுகின்றன. அடோபி நிறுவனம் 2001க்குப் பின் புதிய பதிப்பே வெளியிடாத, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்குப் பாடநூலில் இன்னும் பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது வேடிக்கைதான். ஆயினும் வலைப்பக்கத்தை உருவாக்கி அதைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் வரையிலான பயணத்தைப் பார்த்தால், கண்ணெதிரே பயன் தெரியும் பாடம் இதுவே.

கணக்குப்பதிவியல் பாடத்தில் டேலி என்ற மென்பொருள் வழியாகக் கணினிக் கணக்கு வைக்கும் முறையும் உண்டு. லீ பஜாரின் தானியக் கடைகளிலும், செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிப் பட்டறைகளிலும், அம்மாப்பேட்டையின் ஜவுளி வியாபாரத்திலும் ஜி.எஸ்.டி. கணக்கைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்காமல் போவதில்லை. குடும்பத் தொழிலைத் தொடர நினைக்கும் பிள்ளைகளுக்கு மற்ற மூன்று வழிகளைவிட இதுவே நேர்வழி.

மூடப்படும் வாசல் பெரியது: கணிதமும் இயற்பியலும் இல்லாததால் பி.இ. முற்றிலும் போய்விடும். மென்பொருள் துறைக்குச் செல்ல வேண்டுமானால் பி.சி.ஏ. மூன்றாண்டும் எம்.சி.ஏ. இரண்டாண்டும் படிக்கும் வழி இருக்கிறது; பத்தாம் வகுப்புக்குப் பின் அது மொத்தம் ஏழு ஆண்டுகள். சில கல்லூரிகள் கணினிப் பட்டங்களுக்குக் கணிதத்தையோ வணிகக் கணிதத்தையோ கேட்பதால், மனத்தில் உள்ள கல்லூரியின் தகுதி விதியை இப்போதே பார்த்துவிட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்துக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் தேறியவரும் தகுதித் தேர்வின் வழியே சேரலாம் என்பது வணிகவியல் மாணவருக்கு ஒரு நல்ல மாற்று. கணிதத்துக்கு அஞ்சி வணிகவியலுக்கு ஓடி வருபவர்களைத்தான் நான் எச்சரிக்க விரும்புகிறேன், பி.சி.ஏ.விலும் அவர்களைக் கணிதம் விடாது.

பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ

பத்தாம் வகுப்பு முடித்ததும் மூன்றாண்டு டிப்ளமோ, அதன் பின் பி.இ. இரண்டாமாண்டில் நேரடிச் சேர்க்கை என்றால் மொத்தம் ஆறு ஆண்டுகள். மேல்நிலை இரண்டும் பி.இ. நான்கும் சேர்ந்தாலும் அதே ஆறுதான். கால இழப்பு என்பது இங்கில்லை. மாறாக, பத்தொன்பது வயதுக்குள் கையில் ஒரு தகுதிச் சான்று வந்துவிடுகிறது. குடும்பச் சூழல் இடம் தராவிட்டால் அதோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குச் செல்லலாம். பாலிடெக்னிக்கின் ஆய்வக நேரம் எந்தப் பள்ளியையும் விட அதிகம். சேலத்திலேயே அரசு உதவி பெறும் தியாகராஜர் பாலிடெக்னிக்கும் பல தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. ஜே.இ.இ. என்ற தேசிய நுழைவுத் தேர்வின் வழியாக ஐ.ஐ.டி., என்.ஐ.டி. செல்ல விரும்புவோருக்கு இது வழக்கமான பாதை அன்று. நேரடி இரண்டாமாண்டில் சேர்பவர், முதலாண்டுக் கணிதத்தைக் கல்லூரியில் படிக்காமலேயே தனிநிலைக் கணிதத்தையும் நிகழ்தகவையும் எதிர்கொள்கிறார். அங்கு அரியர் விழுவது அடிக்கடி நடக்கிறது. பள்ளியைப் போல் யாரும் துரத்திப் படிக்க வைக்க மாட்டார்கள் என்பதையும் பதினைந்து வயதுப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இயந்திரங்களோடும் நிரல்களோடும் தானாகவே நேரம் கழிப்பவர், பருவத்தேர்வுகளைத் தன் பொறுப்பில் எழுதக்கூடியவர், விரைவில் வருமானம் தேவைப்படும் குடும்பத்தவர் ஆகியோருக்கு இது முதல் இரு வழிகளுக்கும் குறைந்ததன்று. அதைவிடக் குறுகிய வழி வேண்டுவோருக்கு, ஐ.டி.ஐ.யில் கோபா எனப்படும் ஓராண்டுக் கணினி இயக்குநர் பயிற்சி இருக்கிறது. அது அலுவலக வேலைக்குப் போதும், பொறியியலுக்கு வழிகாட்டாது.

பள்ளி மாறுவதன் விலை

அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் பிரிவு நிரம்பிவிட்டது என்றதும் ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடிப் போகும் பழக்கம் நம் ஊரில் பழையது. கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறினால் அது போய்விடும். கல்லூரியில் மாதந்தோறும் 1,000 ரூபாய் தரும் மாணவியருக்கான புதுமைப் பெண், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களும் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கே உரியவை. அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் சேர்ந்து 7.5 விழுக்காட்டில் கணினிப் பொறியியல் இடம் பெறுவதா, விடுதிப் பள்ளியில் கணினி அறிவியல் படித்துப் பொதுப்போட்டியில் நிற்பதா என்று கேட்டால், பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் முதலாவதையே சொல்வேன்.

பயிற்று மொழி மாற்றத்திலும் இதே கவனம் வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமை, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கே உரியது. பட்டப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்துத் தேர்வாணையத் தேர்வுகள் எழுதும் எண்ணம் உள்ளவர், பதினொன்றில் ஆங்கிலவழிக்கு மாறினால் பட்டத் தகுதி கேட்கும் பணிகளில் அதை இழப்பார். பி.இ. ஒன்றே நோக்கமாக உள்ளவருக்கு இந்தக் கவலை தேவையில்லை. அவருக்கு ஆங்கிலவழிக் கலைச்சொற்கள் முன்கூட்டியே பழகுவது உதவியாகவே இருக்கும்.

மலையிலிருந்து வருபவர்களுக்கு

நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை போன்ற ஊர்களிலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் பள்ளிக்கு நாள்தோறும் வந்து திரும்புவதைப் பயண அட்டை இலவசம் என்பதற்காக ஒப்புக்கொள்ளக் கூடாது. இலவசம் என்பது காசுக்குத்தான். மாலையில் படிக்க வேண்டிய நேரம் பேருந்தில் போய்விடும், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பள்ளியும் போய்விடும். சேலத்தில் அரசு மாணவர் விடுதியில் இடம் உறுதியானால் இறங்கி வரலாம். இல்லையென்றால், மலையில் உள்ள பள்ளியில் கணிதம் அடங்கிய பிரிவு எதுவோ அதில் சேர்வதே நல்லது. நான்காவது பாடம் கணினி அறிவியலாக இல்லாவிட்டாலும் பொறியியல் வழி அடைபடாது. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்தால்தான் அடைபடும். வீட்டில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களில், பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தை வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் திறந்துவைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சேர்க்கைக்கு முன் பள்ளியில் கேட்க வேண்டியவை

கணினி அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே ஆண்டுதோறும் மாறுபவரா? ஆய்வகத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை, ஒரு பிரிவில் மாணவர் எத்தனை பேர்? செய்முறை வகுப்பு கால அட்டவணையில் ஜூன் மாதமே தொடங்குகிறதா, டிசம்பருக்குப் பின்னரா? பதினொன்றாம் வகுப்பின் சி++ பகுதி முழுவதும் நடத்தப்படுகிறதா? இவற்றை அலுவலகத்தில் கேட்பதைவிட, அதே பள்ளியில் இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லும் மாணவர் ஒருவரிடம் கேட்டால் விடை நேராக வரும். அவரிடமே பைதானில் ஐந்து வரி எழுதச் சொல்லிப் பார்த்தால் மற்ற கேள்விகளுக்கு அவசியம் இல்லாமலும் போகலாம்.